கழுத்து ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது... ஆனா, தோளை மறந்துட்டீங்களா?

வாய்ப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களும் குடும்பத்தினரும் தெரிந்துகொள்ள வேண்டியவை!

மாமாவுக்கு நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண். இருபது வருடப் புகையிலைப் பழக்கம். ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை என்று பயாப்சி எடுத்தால், புற்றுநோய். நாக்கிலும் கழுத்திலும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். "புண்ணு நாக்குலதானே இருக்கு, கழுத்தை ஏன்ப்பா அறுக்கணும்?" என்று அத்தை என்னிடம் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறியது, பேச்சும் தெளிவானது. மூன்றாவது மாதம் ஒரு காதுகுத்து விழாவில் அவரைப் பார்த்தேன். சட்டையின் வலது கையை அத்தைதான் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். "கை மேல தூக்க முடியல மாப்ள" என்றார் மாமா. வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் ஃபைலைப் புரட்டினேன். தோள் பயிற்சிகள் படம் போட்ட தாள் ஒன்று, மடிப்புகூடக் கலையாமல் உள்ளே இருந்தது.

அந்தத் தாளை யாரும் மடித்து வைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

வாயில் புண், கழுத்தில் ஏன் கத்தி?

காலில் காயம்பட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அதேபோல, வாய்ப்பகுதியின் நிணநீர் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் வடிகிறது. வாயில் வரும் புற்றுநோய் பரவ ஆரம்பித்தால், பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான். அந்த முடிச்சுகளைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவோடு சேர்த்து எடுப்பதே இந்த ஆபரேஷன்.

"கழுத்துல கட்டி எதுவும் தெரியலையே, பிறகு பார்த்துக்கலாமே" என்று சிலர் தயங்குவார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோய் இருந்து, கழுத்தில் கட்டி தெரியாத 500 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். வாய் ஆபரேஷனோடு கழுத்தையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில், மூன்று ஆண்டுகளில் உயிர் பிழைத்திருந்தோர் 80 சதவிகிதம். கட்டி தெரிந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவிகிதம்தான்.

ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது...

கழுத்துப் பக்கவாட்டில் நீளமாகத் தையல் இருக்கும். தோலுக்கு அடியில் சேரும் நீரையும் ரத்தத்தையும் வெளியேற்ற, ஒன்றிரண்டு மெல்லிய டியூப்கள் ஒரு டப்பாவோடு இணைக்கப்பட்டிருக்கும். தினமும் எவ்வளவு வடிகிறது என்று நர்ஸ் அளப்பார். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் டியூபை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் சில நாள்களில் இது நடந்துவிடும்.

கழுத்தில் மட்டும் ஆபரேஷன் என்றால், பெரும்பாலும் மறுநாளே சாப்பிடலாம். நாக்கு, கன்னம், தாடையிலும் செய்திருந்தால், மூக்கு வழியாக விட்ட டியூபில் சில நாள்கள் திரவ உணவு கொடுப்பார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் மூச்சுக்காகத் தொண்டையில் தற்காலிகமாகத் துளை போடுவார்கள். அப்போது பேச முடியாது. ஒரு சிலேட்டோ, நோட்டோ முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காது மரத்துப்போச்சே!

காது மடல், தாடைக்குக் கீழ், கழுத்து ஆகிய இடங்களில் உணர்ச்சி குறைவது சகஜம். மாதங்கள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், சிலருக்குக் காது மடலில் அப்படியே தங்கிவிடும். அதனால் ஷேவ் செய்யும்போது கவனம் தேவை, பிளேடுக்குப் பதில் எலெக்ட்ரிக் டிரிம்மர் நல்லது. சூடு தெரியாது என்பதால் அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சிலருக்குச் சிரிக்கும்போது கீழுதட்டின் ஓரம் ஒரு பக்கமாக இழுக்கும். நரம்பு சேதமாகாமல் இருந்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். காலையில் முகமும் தாடையும் வீங்கியிருந்தால், தலையணையை உயர்த்திப் படுங்கள்.

தோள் ஏன் இறங்குகிறது?

1906-ல் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜார்ஜ் கிரைல் இந்த ஆபரேஷனை முறைப்படுத்தி எழுதியபோது, முடிச்சுகளோடு கழுத்தின் பெரிய தசை, பெரிய ரத்தக்குழாய், தோளை இயக்கும் நரம்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுவது வழக்கமானது. இன்று, நோய் அவற்றைத் தொடாதவரை அந்த மூன்றையும் காப்பாற்றவே மருத்துவர்கள் முயல்கிறார்கள்.

ஆனால், நரம்பை வெட்டாவிட்டாலும், அதைச் சுற்றி வேலை செய்யும்போது அது இழுபட்டு அசதியாகிவிடுகிறது. மறுபடி விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தால், தோள் மூட்டு இறுகிவிடும். நரம்பு விழித்துக்கொண்ட பிறகும் கை மேலே போகாது. மாமாவுக்கு நடந்தது இதுதான்.

என்ன செய்யலாம்?

டியூப் எடுத்த பிறகு, பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். வேறு இடத்திலிருந்து தசை எடுத்து வைத்திருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கச் சொல்வார்கள். பொதுவாகச் சொல்லித் தரப்படுபவை இவை:

* தோள்களை மெதுவாக முன்னும் பின்னும் சுழற்றுவது.
* நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் நெருக்கி, சில விநாடிகள் வைத்திருப்பது.
* சுவரில் விரல்களைப் பூச்சி ஊர்வதுபோல மேலே நகர்த்துவது.
* இரு கைகளாலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கையின் உதவியோடு மேலே தூக்குவது.

உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், கனமான பை எதையும் அந்தப் பக்கம் தூக்க வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

கழுத்து திடீரென வீங்குதல், மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு. இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், தையலில் சீழ், டியூபில் பால் போன்ற திரவம் வந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது என்ன?

எடுத்த முடிச்சுகளைப் பரிசோதித்த ரிப்போர்ட் வரும். எத்தனை முடிச்சுகளில் நோய், அது முடிச்சுக்கு வெளியே கசிந்திருக்கிறதா என்பதை வைத்தே கதிர்வீச்சும் கீமோவும் தேவையா என்று முடிவு செய்வார்கள். கதிர்வீச்சு தேவையென்றால், ஆபரேஷன் முடிந்து சுமார் ஆறு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. அதற்கு முன் பல் மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செக்கப் இருக்கும், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டுவிடாதீர்கள். புகையிலையை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு மத்திய அரசின் இலவச உதவி எண்: 1800 11 2356.

மாமா இப்போது பிசியோதெரபிக்குப் போகிறார். ஆறு மாதமாகிறது. அந்தத் தாள் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. முழுசாகத் தூக்க இன்னும் வரவில்லை. ஆனால், போன வாரம் போனபோது கொடியில் துண்டை அவரே காயப்போட்டுக்கொண்டிருந்தார். அத்தை உதவப் போனபோது, "நீ இரு, நானே போட்டுக்கறேன்" என்றார்.