நாய்ச் சொறிக்குக் கழிவு எண்ணெய் பூசலாமா?

பட்டிக்கும் களத்துக்கும் காவல் இருக்கும் நாய்க்குச் சொறி கண்டால், டிராக்டரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைத் தடவுவது பல ஊர்களில் வழக்கம். செலவில்லாத வைத்தியம்தான். ஆனால், நாய் உடம்பை நக்குமே! எண்ணெயிலுள்ள உலோகத் துகள்களும் நச்சுப் பொருள்களும் வயிற்றுக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மண்ணெண்ணெயோ தோலைப் புண்ணாக்கும். நக்கும்போது நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

குடற்புழுவுக்குப் பூண்டு அரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. நாம் தினம் உண்பதுதானே என்று எண்ண வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்குச் சிறிதளவே போதும். ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுக்கும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். இவை சில நாள் கழித்தே தெரிவதால் யாரும் பூண்டைச் சந்தேகிப்பதில்லை. பூனைக்குக் கற்பூரத் தைலமும் ஆகாது.

சொறிக்குக் காரணம் தோலுக்குள் வளை தோண்டும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. கால்நடை மருந்தகத்தில் தோலைச் சுரண்டிப் பார்த்து, எடைக்கேற்ற மருந்து தருவார்கள். மாட்டுக்கு வாங்கிய ஊசிமருந்தை நாய்க்கு நீங்களே போடாதீர்கள்.

ஏற்கெனவே எண்ணெய் பூசியிருந்தால், சோப்புப் போட்டுக் கழுவி, நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். என்ன பூசினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.