பாட்டைக் கேட்போமா, வம்பைக் கேட்போமா?

கச்சேரிக்குப் போனால் எதைக் கேட்க வேண்டும்? "இது என்ன கேள்வி, பாட்டைத்தான்!" என்பீர்கள். போன தடவை நீங்கள் போயிருந்தபோது, பாடகி மேடையில் அமர்ந்து சுருதி சேர்ப்பதற்குள், அடுத்த நாற்காலி மாமி உங்கள் காதோடு என்ன சொன்னார் என்று சற்றே ஞாபகப்படுத்திப் பாருங்கள். அன்று பாடிய ராகம் மறந்து போயிருக்கும். மாமி சொன்ன சமாசாரம் மறந்திருக்காது!

ஒருவருடைய சொந்த வாழ்க்கை நமக்குப் பிடிக்காவிட்டால், அவருடைய வித்தையையும் வெறுக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியோடு நான் மல்லுக்கு நின்றது சிவகாசியில். விருதுநகரில் உறவினர் வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு, தீபாவளிக்குப் பட்டாசு வாங்கிப் போகலாமென்று சிவகாசியில் என் கல்லூரித் தோழியின் வீட்டில் இறங்கினேன். தோழிக்குப் பதின்மூன்று வயதில் ஒரு பெண். அருமையான சாரீரம். "ஒரு பாட்டுப் பாடேன், கண்ணு" என்றேன். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"பாட்டு கிளாசை நிறுத்திட்டேன்" என்றாள் தோழி.

"ஏன், டீச்சர் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா அவங்க புருஷனை விட்டுட்டுத் தனியா இருக்காங்களாம். இப்பத்தான் தெரிஞ்சது. நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க இல்லையா?"

கூடத்து மூலையில் கட்டிலில் சாய்ந்திருந்த ஆச்சி - தோழியின் கணவருக்குப் பாட்டி, வயது தொண்ணூற்றிரண்டு - மெள்ள நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, பாகவதர் ஜெயிலுக்குப் போனாகளே, அன்னைக்கு எங்கய்யா அவுக பாட்டுப் பிளேட்டை எல்லாம் உடைச்சா போட்டாக?"

ஆச்சி கேட்ட இந்த ஒரு கேள்விக்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. இளைய தலைமுறை சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எம். கே. தியாகராஜ பாகவதர் என்றால் அந்தக் காலத்தில் தமிழ் நாடே கிறங்கிக் கிடந்தது. 1934-ல் 'பவளக்கொடி'யில் தொடங்கி, 'சிந்தாமணி', 'அசோக்குமார்', 'சிவகவி' என்று படத்துக்குப் படம் புகழ் ஏறிக்கொண்டே போயிற்று. 1944-ம் வருஷத் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியாயிற்று. அப்போதுதான் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குறுக்கே வந்தார். 'சினிமா தூது' என்றும், பிறகு 'இந்து நேசன்' என்றும் பத்திரிகை நடத்தி, சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை அவிழ்த்து விடுவதே அவர் தொழில். பத்திரிகை சுடச்சுட விற்றது. வாங்கியவர்கள் யார்? வேறு யார், பாகவதரின் பாட்டைக் கேட்டு உருகிய அதே மகாஜனங்கள்தான்!

அந்த நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பர் மாதக் கடைசியில் பாகவதரும், சிரிப்பு நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, ஹைகோர்ட்டில் மறுபடியும் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. சென்னை பிராட்வே கொட்டகையில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. முதல் தீபாவளிக்குப் பாகவதர் வெளியே இருந்தார். அடுத்த இரண்டு தீபாவளிகளுக்கும் சிறையில் இருந்தார். கொலைக் குற்றவாளி என்று கோர்ட்டு சொன்ன மனிதரைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள்! சரி, குற்றமற்றவர் என்று கோர்ட்டே சொன்ன பிறகு என்ன ஆயிற்று? அவரே சொந்தத்தில் எடுத்த 'ராஜ முக்தி' 1948-ல் வெளிவந்து தோற்றது. 1952-ல் வந்த 'அமரகவி'யும் பழைய புகழை மீட்டுத் தரவில்லை. பாட்டின் காலம் போய் வசனத்தின் காலம் வந்திருந்தது. கூடவே சிறையிலிருந்து வந்த கிருஷ்ணனோ, 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மறுபடியும் ஓகோவென்று வாழ்ந்தார். பாகவதர் 1959 நவம்பர் 1-ந் தேதி, ஐம்பது வயதுகூட நிறையாமல் காலமானார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நம் காது எந்தக் கோர்ட்டுத் தீர்ப்புக்கும் காத்திருப்பதில்லை. அதற்குப் பிடித்தால் குற்றவாளி பாடினாலும் கேட்கும். சலித்துவிட்டால் நிரபராதி பாடினாலும் கேட்காது. ஒழுக்கத்தைப் பார்த்துத்தான் அபிமானம் வைக்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் பாதி நாடகம்!

ஊர் வாயின் நியாயம் இன்னும் விசித்திரம். செங்கோட்டை கிட்டப்பாவை கே. பி. சுந்தராம்பாள் மணந்தபோது கிட்டப்பா ஏற்கனவே மணமானவர். 1933-ல் அவர் சின்ன வயதிலேயே மறைந்தார். சுந்தராம்பாள் அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாற்றவில்லை. உலகம் அவரைத் தெய்வமாகக் கொண்டாடிற்று. கொண்டாட வேண்டியவர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அவர் வேறு விதமாக வாழ்ந்திருந்தால் அந்த வெண்கலக் குரலில் ஒரு சுருதியாவது குறைந்திருக்குமா? ஆண் வித்வான் குடித்தால் "மேதைகளுக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறோம். பாடுகிற பெண் தனியாக வாழ்ந்தாலோ, குழந்தையையே கிளாசிலிருந்து நிறுத்திவிடுகிறோம்.

"அப்படியானால் வித்தை இருந்தால் எதையும் மன்னித்துவிட வேண்டியதுதானா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. 2018-ல் பல பெண்கள் துணிந்து புகார் சொன்ன பிறகு, சென்னை மியூசிக் அகாடமி சில வித்வான்களை அந்த வருஷத்து மார்கழிக் கச்சேரிகளிலிருந்து விலக்கி வைத்தது. அது வம்பு அல்ல. அடிபட்டவர்கள் தங்கள் வாயால் சொன்னது. குடும்பத்தில் யார் யாரைப் பிரிந்தார், யார் யாரை மணந்தார் என்பது அவரவர் வீட்டுச் சமாசாரம். கற்க வந்த பெண்ணிடம் ஒருவர் தகாதபடி நடந்தால், அது அவர் வீட்டுச் சமாசாரம் ஆகாது. எவ்வளவு உயர்ந்த கல்யாணி ராகமும் அதற்குப் பரிகாரம் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவரால் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா? நேர்ந்தது என்றால் விசாரிக்கத்தான் வேண்டும். இல்லை என்றால், நமக்கு அங்கே என்ன வேலை?

இதையே தோழியிடம் கேட்டேன். "அந்த டீச்சரால் யாருக்கு என்ன கெடுதல்?"

அவள் யோசித்தாள். "ஒருத்தருக்கும் இல்லை" என்றாள்.

அப்போது ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கம்பி மத்தாப்புக் கொளுத்துறப்ப வெளியூர்க்காரக வெளிச்சத்தை மட்டும் பாப்பாக. நாங்க இந்த ஊர்க்காரக. அதை மருந்துல முக்குன கையையும் நெனைப்போம். அந்தக் கை காஞ்சிருக்குமோ, கஞ்சி குடிச்சிருக்குமோன்னு நெனைப்போம். அந்தக் கைக்காரி வீட்டுல என்ன சண்டைன்னு கேக்க மாட்டோம். நெனைக்கறதுன்னா அப்படி நெனைக்கணும்த்தா."

அதற்குமேல் கூடத்தில் யாரும் பேசவில்லை.

சகோதரிகளே, கலைஞரின் வாழ்க்கையை அறிந்துகொள்வதில் தவறில்லை. அவர் பட்ட கஷ்டத்தை அறிவதற்காகவா, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதற்காகவா என்பதில்தான் வித்தியாசம். 'இந்து நேசன்' எப்போதோ நின்றுவிட்டது. அதை வாங்கிய கைகள் மட்டும் இன்று செல்போனைத் தடவிக்கொண்டிருக்கின்றன!

மறுநாள் காலை பட்டாசுப் பெட்டியோடு நான் கிளம்பும்போது, அந்தக் குழந்தை நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே கண்ணு, இவ்வளவு காலையில்?" என்றேன்.

"பாட்டு கிளாசுக்கு, அத்தை!" என்றாள்.

தோழி வாசற்படியில் நின்று, டீச்சருக்கென்று ஒரு தூக்கில் பலகாரம் எடுத்துக் கொடுத்தாள்.