உடம்புக்குள் ஊதும் "விசில்"!

புற்றுநோயை விரட்டிய புதுமை

அவருக்கு வயது 90. ஒரு காலத்தில் அமெரிக்க நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். பெயர், ஜிம்மி கார்ட்டர்.

2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் நிருபர்களை அழைத்தார். தமக்குப் புற்றுநோய் வந்திருப்பதாகச் சொன்னார்.

அது "மெலனோமா" என்ற வகை. பெரும்பாலும் தோலில் தோன்றும் பொல்லாத நோய். கார்ட்டருக்கு அது ஈரலில் இருந்தது. மூளைக்கும் போய்விட்டது. மூளையில் நான்கு இடங்களில் சின்னஞ்சிறு புள்ளிகளாக இருந்தது.

"இன்னும் சில வாரங்கள்தான்" என்று முதலில் தாம் நினைத்ததாகவும் கார்ட்டர் கூறினார்.

ஆனால், நடந்தது வேறு!

அதே ஆண்டு டிசம்பர் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்முடைய ஊர் தேவாலயத்தில் வழக்கம்போல் பாடம் நடத்த வந்தார் கார்ட்டர். மூளையில் புற்றுநோய் இருந்த அடையாளமே இப்போது இல்லை என்று அறிவித்தார்.

அதன்பிறகு 9 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். 2024-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 100!

எப்படிப் பிழைத்தார்? ஈரலில் ஆபரேஷன் செய்தார்கள். மூளைக்குக் கதிர் வைத்தியம் கொடுத்தார்கள். கூடவே ஒரு புதிய மருந்தையும் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள்.

அந்தப் புதிய மருந்து புற்றுநோய்க் கட்டியை நேராக அழிப்பது அல்ல. நம்முடைய உடம்பிலேயே ஒரு படை இருக்கிறது. அந்தப் படையின் பிரேக்கை எடுத்து விடுவதுதான் அதன் வேலை!

அது என்ன படை? அது என்ன பிரேக்?

இரண்டு விசில்

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு "டி" அணுக்கள் என்று பெயர். கிருமிகள் புகுந்த அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொல்லும் வீரர்கள் இவர்கள்.

இந்த வீரர்கள் கண்டபடி புறப்பட்டு விடுவதில்லை. உத்தரவு வந்தால்தான் புறப்படுவார்கள்.

நம் ஊர் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால் பஸ் புறப்படும். உடம்பிலும் அப்படித்தான்.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த நெறிதான் படை கூடும் இடம். ஒற்றர் போன்ற சில அணுக்கள் கிருமியின் ஒரு துணுக்கை அங்கே கொண்டு வந்து "டி" அணுவிடம் காட்டும். இது முதல் விசில். ஆனால், இது மட்டும் போதாது. "இவன் எதிரிதான்" என்று உறுதி சொல்வதுபோல, ஒற்றர் அணு இன்னொரு பொருளையும் நீட்டும். அது இரண்டாவது விசில்.

இரண்டும் கிடைத்தால்தான் "டி" அணு விழித்துக் கொள்ளும்!

விசில் ஒலி அணுவுக்குள் எப்படிப் போகிறது? வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் மாற்றுவார்களே, அதுபோல்தான். வெளியே கிடைத்த செய்தி, அணுவுக்குள் ஒரு பொருளிடமிருந்து இன்னொரு பொருளுக்குக் கை மாறிப் போகும். கடைசியில் அணுவின் கருவைச் சேரும். உடனே அணு பெருகும். ஒன்று பலவாகும். படை கிளம்பிவிடும்.

நிற்காத படை

கிளம்பிய படை நிற்க வேண்டாமா? அதற்கும் ஒரு விசில் உண்டு. அதன் பெயர் "சி.டி.எல்.ஏ.-4". இது "டி" அணுவின் மேலேயே முளைக்கும். இரண்டாவது விசிலைக் கேட்க விடாமல் தட்டிப் பறித்துவிடும். படை ஓய்ந்துவிடும்.

இந்த "நில்" விசில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1995-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தப் பொருளே இல்லாத எலிக்குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள். பாவம், அந்தக் குட்டிகள் மூன்று, நான்கு வாரங்களில் செத்துவிட்டன!

எந்தக் கிருமியும் அவற்றைக் கொல்லவில்லை. சொந்தப் படையே இருதயத்திலும் மற்ற உறுப்புகளிலும் புகுந்து நாசம் செய்துவிட்டது.

தாயை இழந்த சிறுவன்

ஜேம்ஸ் ஆலிசன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1948-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பின்னாளில் அண்ணனையும் அதே நோய் கொண்டு போயிற்று.

ஆலிசன் வளர்ந்து விஞ்ஞானி ஆனார். சி.டி.எல்.ஏ.-4 ஒரு பிரேக் என்று கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

மற்றவர்கள், "இந்தப் பிரேக்கை அழுத்தினால் அடங்காத படையை அடக்கலாமே" என்று எண்ணினார்கள். ஆலிசன் நேர்மாறாக யோசித்தார். "பிரேக்கை எடுத்துவிட்டால், படை புற்றுநோயை ஒழிக்குமா?"

1994-ம் ஆண்டுக் கடைசி. கிறிஸ்துமஸ் விடுமுறை. ஆலிசன் மட்டும் எலிக் கூண்டுகளின் பக்கத்தில் இருந்தார். எல்லா எலிகளுக்கும் புற்றுநோய்க் கட்டி. சிலவற்றுக்குத்தான் பிரேக்கைத் தடுக்கும் மருந்து. எந்தக் கூண்டுக்கு மருந்து கொடுத்தது என்று அவருக்கே தெரியாது. மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு!

முதலில் எல்லாக் கட்டிகளும் வளர்ந்தன. ஆலிசன் மனம் சோர்ந்தது. பிறகு சில எலிகளின் கட்டி நின்றது, சுருங்கியது, மறைந்தே போயிற்று! பிறகு பார்த்தால், அவைதான் மருந்து கொடுத்த எலிகள்!

திருடனே விசில் ஊதினான்!

ஜப்பானில் கியோட்டோ நகரில் டசுக்கு ஹோன்ஜோ என்ற விஞ்ஞானி, 1992-ம் ஆண்டு "பி.டி.-1" என்ற இன்னொரு பொருளைக் கண்டுபிடித்தார். அதுவும் ஒரு பிரேக் என்று பிறகு தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை! பல புற்றுநோய் அணுக்கள் இந்தப் பிரேக்கைத் தாங்களே அழுத்தி விடுகின்றன. பிடிக்க வந்த போலீஸ்காரரை, திருடனே விசில் ஊதித் திருப்பி அனுப்புவதுபோல! வீரர்கள் கட்டிக்குப் பக்கத்திலேயே வந்து, சும்மா நின்று விடுகிறார்கள்.

திருடன் ஊதும் விசில் வீரர்கள் காதில் விழாமல் செய்வதுதான் கார்ட்டருக்குக் கொடுத்த மருந்து.

முதல் பிரேக் மருந்தை 2011-ம் ஆண்டு அமெரிக்க அரசு அனுமதித்தது. அதற்கு முன், உடம்பெங்கும் பரவிய மெலனோமா வந்தவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆண்டுக்குள் இறந்தார்கள். இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து எடுத்த ஒரு பெரிய சோதனையில், 5 ஆண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 52 பேர் உயிரோடு இருந்தார்கள்!

2018-ம் ஆண்டு ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

கத்தியின் இரு முனை

அப்படியானால் புற்றுநோய் ஒழிந்ததா? இல்லை. இந்த வைத்தியம் எல்லாருக்கும் பலிப்பதில்லை. எல்லா வகைப் புற்றுநோய்க்கும் பலிப்பதில்லை. விலையும் மிக அதிகம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரேக் இல்லாத படை, சிலருக்கு நல்ல உறுப்புகளையே தாக்கத் தொடங்கும். குடல் புண்ணாகி வயிற்றுப்போக்கு வரும். தோல் தடிக்கும். ஈரலும் நுரையீரலும் கெடலாம். உடனே டாக்டர்கள் படையை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த எலிக்குட்டிகளின் கதைதான்!

பிரேக் தளர்ந்தால் மருந்து இல்லாமலே நோய் வரும். கை விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் மடக்க முடியாமல் துன்பப்படுகிறார்களே, அந்த முடக்குவாதம் அத்தகையது. சொந்தப் படையே மூட்டைத் தாக்குகிறது. இதற்கு அந்த சி.டி.எல்.ஏ.-4 பொருளின் ஒரு துண்டையே மருந்தாகச் செய்து விட்டார்கள். 2005-ம் ஆண்டு அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. ஒரு நோய்க்குப் பிரேக்கை எடுக்கிறார்கள். இன்னொரு நோய்க்குப் பிரேக்கைப் போடுகிறார்கள்!

2020-ம் ஆண்டு கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். மூச்சுத் திணறியவர்களில் பலருக்குக் கிருமியைவிடச் சொந்தப் படையின் ஆவேசமே எமனாக வந்தது. அவர்களைக் காப்பாற்ற உதவிய மருந்துகளில் ஒன்று "டெக்சாமெத்தசோன்". படையை அடக்கும் பழைய, மலிவான மருந்து அது!

"எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று எத்தனையோ பொடிகளும் லேகியங்களும் விற்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி பெருகிக்கொண்டே போனால் நல்லது என்று நாமும் எண்ணுகிறோம். உண்மை அது அல்ல. நேரத்தில் புறப்பட வேண்டும்; நேரத்தில் நிற்கவும் வேண்டும்.

பஸ்ஸுக்கும் அதுதான். உடம்புக்கும் அதுதான்!