யார் பணம், யார் வேகம்?

சென்னையில் வளர்ந்த இரண்டு மென்பொருள் நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் தொடங்கியது இன்றைய ஜோஹோ. துணிகர முதலீடு வாங்காமலே வளர்ந்த அந்த நிறுவனம், ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக 2022-ல் அறிவித்தது. பங்குச்சந்தைப் பக்கம் இன்னும் தலைவைத்துப் படுக்கவில்லை. அதே ஜோஹோவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-ல் தொடங்கியது ஃபிரெஷ்வொர்க்ஸ். 2011-ல் ஆக்செல் நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் வாங்கியது. பிறகு டைகர் குளோபல், கூகுளின் முதலீட்டுப் பிரிவு, செக்கோயா என்று பல சுற்றுகள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு வெளியிட்டு 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வகைச் சரக்கு, ஒரே பள்ளியில் பயின்ற மூளைகள். ஆனாலும் நடை வேறு, முடிவெடுக்கும் விதம் வேறு. இதற்குப் பெரிய காரணம் பணம் வந்த வழி என்பது என் கருத்து. ஒரு புத்தொழில் நிறுவனத்தை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்விக்குப் பெயர்ப்பலகையைவிட முதலீட்டு ஒப்பந்தம்தான் சரியான பதில் சொல்லும்.

மென்பொருள் விற்பவருக்குப் பணம் எதற்கு? இரும்பு வாங்க வேண்டியதில்லை, கிடங்கு வேண்டாம், கணினியும் நாலு பேரும் போதுமே என்று தோன்றும். இன்றைய மென்பொருள் மாதச் சந்தாவுக்கு விற்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல். ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரம், விற்பனை ஆள், இலவசச் சோதனைக் காலம் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டுவதோ மாதம் 1,000 ரூபாய். போட்ட காசு திரும்பவே ஓராண்டு ஆகும். மாதம் 100 புதிய வாடிக்கையாளர் என்றால் மாதச் செலவு 12 லட்சம். முதல் மாத வரவு 1 லட்சம், இரண்டாம் மாதம் 2 லட்சம் என்று ஏறிப் பன்னிரண்டாம் மாதம்தான் வரவும் செலவும் சரியாகும். அதற்குள் கையிலிருந்து போனது 66 லட்சம். இதில் சம்பளமும் வாடகையும் இன்னும் சேரவில்லை. மாதம் 200 பேரைப் பிடிக்கிற அளவுக்கு வியாபாரம் சூடுபிடித்தால் பள்ளம் 1 கோடியே 32 லட்சமாக ஆழமாகும். நன்றாக ஓடுகிற வியாபாரமே வேகம் கூடக்கூட அதிகக் காசு கேட்கும். ‘லாபகரமான நிறுவனம் ஏன் கையேந்துகிறது’ என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இந்தப் பள்ளத்தைக் கவனிப்பதில்லை.

பள்ளத்தை நிரப்ப இரண்டு வழி. ஒன்று, ஏற்கெனவே வருகிற வருமானத்துக்குள் வேகத்தை அடக்கிக்கொள்வது. விரலுக்குத் தகுந்த வீக்கம். மற்றொன்று, துணிகர முதலீடு. வங்கிக் கடனுக்கு உள்ளதுபோல இதற்கு மாத வட்டி கிடையாது, நிறுவனம் மூழ்கினால் திருப்பித் தரவும் வேண்டாம். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் கொடுப்பவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். முதலீட்டு நிதி நடத்துபவர் தன் சொந்தக் காசைப் போடுவது சொற்பம்; ஓய்வூதிய நிதிகள், அறக்கட்டளைகள், பெரும் பணக்காரர்கள் ஆகியோரிடம் திரட்டி, பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குள் பெருக்கித் தருவதாக ஒப்புக்கொண்டவர் அவர். 100 கோடி ரூபாய் நிதியை 300 கோடியாக்க வேண்டும் என்று வைப்போம். 25 நிறுவனங்களில் போட்டால் பாதிக்குமேல் போட்டதே தேறாது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒன்றோ இரண்டோ மொத்தப் பாரத்தையும் சுமக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் தனக்குள்ள 15 சதவீதப் பங்கிலிருந்து 300 கோடி வரவேண்டுமானால் அதன் மதிப்பு 2,000 கோடியாக வேண்டும். 60 கோடி மதிப்புள்ள, மாதாமாதம் லாபம் தருகிற நிறுவனம் அதைக் கட்டியவருக்கு வாழ்நாள் சாதனை. முதலீட்டாளருக்கு அதில் கிடைப்பது 9 கோடி. அவருடைய பட்டியலில் அது தோற்ற நிறுவனம். இதில் யாருடைய பேராசையும் இல்லை. அந்தப் பணத்தின் கூட்டல் கழித்தல் அப்படி.

ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கும் இன்னொரு பிரிவு பலர் கண்ணில் படுவதில்லை. நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளர் போட்டதை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அது. 20 கோடி வாங்கி 20 சதவீதம் கொடுத்த நிறுவனர், தன் நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி என்று மறுநாள் செய்தித்தாளில் படித்து மகிழலாம். ஆனால் வியாபாரம் மந்தமாகி 30 கோடிக்கு விற்க நேர்ந்தால், அதில் 20 கோடி முதலீட்டாளருக்கு. மீதி 10 கோடிதான் மற்ற எல்லோருக்கும். 80 சதவீதப் பங்கு என்பது காகிதத்தில் 24 கோடி, கையில் பத்து. முதலீடு கிடைத்த செய்தியை நம் பத்திரிகைகள் வெற்றிச் செய்தியாகப் போடுவது விதைநெல் கடன் வாங்கியவனை அறுவடை முடித்தவனாகப் பாராட்டுவதுபோல. கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸ் 2022-ல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

பணத்தின் வழி எப்படி முடிவுகளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு 2000-01 டாட்காம் சரிவு நல்ல சாட்சி. அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்கள். சரிவில் அவர்களே காணாமல் போனார்கள். நிறுவனம் சுருங்கவில்லை. வேலையில்லாமல் நின்ற பொறியாளர்களைப் புதிய சரக்கில் இறக்கியது. நிறுவனங்களின் கணினி அமைப்புகளை நிர்வகிக்கும் மேனேஜ் எஞ்சின் அப்படி வந்தது, 2005-ல் இணையத்தில் எழுதுவதற்கான ஜோஹோ ரைட்டர் வந்தது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து இரண்டாண்டு கற்பித்து வேலைக்கு எடுப்பதும், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் போடுவதும் எப்போது பலன் தரும் என்று யாரும் தேதி சொல்ல முடியாத காரியங்கள். பத்தாண்டுக் கடிகாரம் ஓடுகிற இயக்குநர் குழுவில் இவற்றுக்கு ஒப்புதல் வாங்குவது கடினம். மறுபக்கம் பாருங்கள். ஃபிரெஷ்வொர்க்ஸ் 2020-ல் சுமார் 25 கோடி டாலர் வருவாயில் 5.7 கோடி டாலர் நட்டம் காட்டியது. வேகத்துக்குக் கொடுத்த விலை அது, தெரிந்தே கொடுத்த விலை. மறு ஆண்டு 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 47 டாலரைத் தாண்டி முடிந்தது. 2022-ல் வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2024-ல் நிறுவனர் தலைமைப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில், வருவாய் கூடிக்கொண்டிருந்தபோதே, சுமார் 660 பேர் வேலையிழந்தார்கள். காலாண்டுக்கு ஒருமுறை சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

‘ஜோஹோ ஒரு விதிவிலக்கு; சொந்தக் காசில் தொடங்கி மூடப்பட்ட ஆயிரம் கடைகளின் பெயர் நமக்குத் தெரியாது’ என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. பங்கு வணிகத்தில் ஜெரோதா, மின்னஞ்சல் சேவையில் மெயில்சிம்ப் என்று நான் பெயர்களை அடுக்கினாலும், தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணுகிற பிழை தீராது. போட்டியாளர் காசைக் கொட்டும்போது நிதானமாக நடந்தால் சந்தையே பறிபோகும் என்பது அடுத்த வாதம். வாடகைக் கார் செயலிக்கு அது முழு உண்மை. ஓட்டுநர் அதிகம் உள்ள செயலிக்குத்தான் பயணி போவார், பயணி உள்ள இடத்துக்குத்தான் ஓட்டுநர் வருவார். கணக்கு எழுதும் மென்பொருளிலும் வாடிக்கையாளர் புகாரைக் கையாளும் மென்பொருளிலும் அப்படியில்லை. புகார் மென்பொருளில் ஜென்டெஸ்க், ஃபிரெஷ்வொர்க்ஸ், ஜோஹோ மூன்றும் ஒரே சந்தையில் பிழைக்கின்றன. சில்லுத் தயாரிப்பு போன்றவற்றில் சேமிப்பை வைத்து மெல்ல ஏறும் பேச்சுக்கே இடமில்லை. ஜோஹோவே அந்தத் திட்டத்தைத் தொட்டுப் பார்த்து 2025-ல் விலகிக்கொண்டது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மூன்றாவது வாதம். ஃபிரெஷ்வொர்க்ஸ் பங்கு வெளியானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அவர்களில் 70 பேர்போல 30 வயதுக்குட்பட்டவர்கள் என்று கிரீஷ் சொன்னார். சந்தைக்குப் போகாத ஜோஹோவின் உடைமை பெரும்பாலும் நிறுவனர் குடும்பத்திடமே இருக்கிறது. வெளியார் பணத்தை வேண்டாம் என்பது சுதந்திரம்தான், ஆனால் அது முதலாளியின் சுதந்திரம். உடன் உழைத்தவருக்குச் செல்வத்தில் பங்கு கொடுப்பதில் முதலீட்டு வழி அதிக நேர்மையாக நடந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் சொந்தக்காசு வழியைப் போற்றுவது பாதிக் கணக்கு.

ஆகவே முதலீடு வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. சரக்கின் தன்மை வேகத்தைக் கேட்கிறதா, நிதானத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இது பணம் வந்த பிறகுதான் யோசிக்கப்படுகிறது. உங்கள் வீட்டிலோ நண்பர் வட்டத்திலோ யாராவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறார் என்றால், மதிப்பீடு எத்தனை கோடி என்று கேட்பதை விடுங்கள். அந்த முதலீட்டு நிதி எந்த ஆண்டு திரட்டப்பட்டது, அதன் பத்தாண்டில் இன்னும் எத்தனை மிச்சம் என்று அவரைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.