கிண்ணம் மிதந்தா மார்க் போச்சு!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. மேன்ஷன் ரூமில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தவனை அக்காவின் போன் எழுப்பியது.

"டேய், நீ பி.எஸ்ஸி. பிஸிக்ஸ்தானே படிச்சே?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு உதறல்தான். ஃபேன் ரிப்பேர், இன்வெர்ட்டர் ரிப்பேர் என்று எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். இந்தத் தடவை ரிப்பேர் வேறு மாதிரி.

"பாப்பா சயின்ஸ்ல பத்துக்கு ஆறு! அவர் கேட்டா அழறா. நான் கேட்டா அடி வாங்கறா. நீயாவது வந்து என்னன்னு கேளு."

இட்லி நிச்சயம் என்பதால் உடனே கிளம்பிவிட்டேன்.

பாப்பா இரண்டாம் வகுப்பு. ஏழு வயசு. சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 'கல், இலை, ஆணி, எவர்சில்வர் கிண்ணம் - இவற்றில் நீரில் மிதப்பவை எவை?' என்று ஒரு கேள்வி. பாப்பா 'இலை, கிண்ணம்' என்று எழுதியிருந்தாள். கிண்ணத்தின் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி.

"ஏன் பாப்பா கிண்ணம்னு எழுதினே?"

பதில் இல்லை. நேரே பாத்ரூமுக்குப் போனாள். ஒரு கிண்ணத்தை எடுத்து பக்கெட் தண்ணீரில் வைத்தாள். ஜம்மென்று மிதந்தது. நான் விடுவேனா? பி.எஸ்ஸி. ஆச்சே! விரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். தண்ணீர் புகுந்து கிண்ணம் அடிக்குப் போய்விட்டது.

பாப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ளே தண்ணி வந்தா முழுகும் மாமா. வராட்டி மிதக்கும். உள்ளே தண்ணி வந்துச்சுன்னு மிஸ் கேள்வியில போடலையே?"

கப்பல் மிதப்பதும் மூழ்குவதும் இதே கணக்குதான். அதற்கு மார்க் பூஜ்யம்.

சரி, சரியாக எழுதியதைப் பார்ப்போம் என்று அடுத்த பக்கம் திருப்பினேன். 'தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்வது எது?' - 'தாவரம்'. அழகான டிக்.

"வெரிகுட்! செடி எங்கே சமைக்கும் பாப்பா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு ரகசியக் குரலில் சொன்னாள்: "மண்ணுக்குள்ளே மாமா. ராத்திரி நாம எல்லாரும் தூங்கினப்புறம்."

"அடுப்பு?"

"குட்டி அடுப்பு."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. புரிந்த கேள்விக்குப் பெருக்கல் குறி. புரியாத கேள்விக்கு டிக். இந்த இரண்டையும் கூட்டித்தான் ராங்க் கார்டில் எண் போடுகிறார்கள். அந்த எண்ணுக்காகத்தான் ஒரு குழந்தை முதுகில் அடி வாங்குகிறது.

கிளம்பும்போது பாப்பா சொன்னதுதான் இட்லியை நெஞ்சிலேயே நிறுத்திவிட்டது. "அடுத்த பரீட்சையில கிண்ணம் முழுகும்னே எழுதிடறேன் மாமா. அம்மா அடிக்க மாட்டாங்க."

திங்கட்கிழமை ஆபீஸில் டிபன் பாக்ஸ்களைத் திறந்த நேரம், நானே ஒரு பரீட்சை வைத்தேன். "மாங்கொட்டை சில கிராம். மரம் டன் கணக்கு. நடுவுல அத்தனை எடை எங்கேருந்து ஸார் வந்தது?" ஆறு பேர். அதில் ஒருவர் எம்.எஸ்ஸி. ஆறு பேரும் கோரஸாக, "மண்லேருந்துதான்!"

ஸாரி. வான் ஹெல்மாண்ட் என்கிற பெல்ஜியக்காரர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ்! அவர் இறந்தபின் 1648-ல் இது புத்தகமாக வந்தது. எல்லாம் தண்ணீரின் வேலை என்று அவர் நினைத்தார். தண்ணீரோடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடும் சேர்ந்துதான் மரமாகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. இதையெல்லாம் நாம் ஸ்கூலில் 'ஒளிச்சேர்க்கை' என்று எழுதி ஐந்து மார்க் வாங்கியவர்கள்தான். மார்க் வந்தது, மரம் வரவில்லை.

நாம் மட்டும்தான் இப்படியோ என்று வருத்தப்பட வேண்டாம். 1987-ல் வெளியான ஓர் அமெரிக்கப் படத்துக்காக, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் கேமராவோடு போய், கோடை ஏன் வருகிறது, நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டார்கள். 23 பேரில் 21 பேர் தப்பு. கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறதாம்! நிஜத்தில், மார்கழிக் குளிரில் நாம் நடுங்கும் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. சாய்ந்து சுற்றுவதால்தான் பருவங்கள். அந்த 21 பேரும் ஒரு காலத்தில் டிக் வாங்கிய குழந்தைகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

சரி, குழந்தைக்கு என்ன புரிந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். ஸ்விஸ் நிபுணர் ழான் பியாஜே, குழந்தைகள் முன்னால் இரண்டு வரிசை பொத்தான் மாதிரி அடுக்கி, எண்ணிக்கை சமம் என்று ஒப்புக்கொள்ள வைப்பார். பிறகு ஒரு வரிசையைக் கலைத்து நீளமாக்கிவிட்டு, 'இப்போ?' என்பார். 'இதுதான் அதிகம்' என்று சின்னக் குழந்தைகள் சொல்லும். 1970-களில் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் மெக்காரிகிளும் அதே சோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. ஒரு போக்கிரி கரடிபொம்மை வந்து கலைத்தது. இப்போது முன்னைவிட நிறையக் குழந்தைகள் சரியாகச் சொல்லிவிட்டன! பெரியவர் ஒருத்தர் வேலை மெனக்கெட்டுக் கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், 'வேற பதில் எதிர்பார்க்கறார் போல' என்று குழந்தை நினைக்காதா என்ன? நம்ம மானேஜர் ஒரே ஃபைலைப் பற்றி இரண்டாம் தடவை கேட்டால் நாம் மட்டும் பதிலை மாற்றாமலா இருக்கிறோம்?

இன்னொரு விஷயம், நேரம். ஆரம்பப்பள்ளி அறிவியல் வகுப்புகளை டேப்பில் பதிவு செய்து கேட்ட மேரி பட் ரோ என்கிற அமெரிக்கப் பெண்மணி, கேள்வி கேட்டுவிட்டு டீச்சர்கள் சராசரியாக ஒரே ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதையே மூன்று விநாடி ஆக்கினால் போதும், பதில்கள் நீளமாகின்றன. பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். செலவு இரண்டே விநாடி!

நம் ஊர் சட்டதிட்டத்திலும் குறையில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்துப் பரீட்சையே வேண்டாம், கவனித்து மதிப்பிட்டால் போதும் என்றது 2005-ம் வருடத்து தேசியக் கலைத்திட்டம். 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டமும் தொடர்ந்து மதிப்பிடச் சொல்கிறது. எவ்வளவு புரிந்தது, அதைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் மிதக்கிறது. வகுப்பறைக்கு வந்தால்தான் மூழ்குகிறது.

அந்த வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அக்காவோடு ஸ்கூலுக்குப் போனேன். சண்டை போடுகிற உத்தேசம்தான். ஆனால் அந்த டீச்சர் மேஜையில் நாற்பத்திரண்டு நோட்டுகள். அவரைப் பார்த்ததும் மாசக் கடைசியில் கண்ணாடியில் தெரியும் என் முகம்தான் ஞாபகம் வந்தது.

"கீ-யில கிண்ணம் மூழ்கும்னுதான் ஸார் இருக்கு" என்றார். பிறகு என்ன தோன்றியதோ, பாப்பா பக்கம் குனிந்தார். "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

பாப்பா வாயைத் திறக்கவில்லை. ஒன்று... இரண்டு... மூன்று... நான் மனசுக்குள் எண்ணினேன். டீச்சர் காத்திருந்தார்.

"தண்ணி உள்ளே வரலைன்னா மிதக்கும் மிஸ்." அப்புறம் பக்கெட் கதை முழுசும் வந்தது.

மார்க் மாறவில்லை. ராங்க் கார்டில் ஏற்கெனவே மை காய்ந்துவிட்டது. ஆனால் மறுநாள் அந்த வகுப்புக்கு ஒரு பக்கெட் வந்ததாம். போடுவதற்கு முன்னால் மிதக்குமா, மூழ்குமா என்று ஒவ்வொருத்தராகச் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். மிஸ் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்களாம். அக்காவும் 'கைநீட்ட மாட்டேன்' என்று பக்கெட் மேல் சத்தியம் செய்திருக்கிறாள்.

போன ஞாயிறு பாப்பா இரண்டு ஆரஞ்சோடு எனக்காகக் காத்திருந்தாள். தோலோடு போட்டது மிதந்தது. உரித்துப் போட்டது மூழ்கியது.

"ஏன் மாமா?"

நான் விழித்தேன். பாப்பா அவசரப்படுத்தவில்லை. பொறுமையாக விரல் விட்டு எண்ணினாள். ஒன்று... இரண்டு... மூன்று...

"பரவால்ல மாமா, நல்லா யோசி. தோலைப் பிச்சுப் பாரு, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும்."

மார்க் மட்டும் இன்னும் போடவில்லை.