முயல் முத்திரையும் பச்சைப் புள்ளியும்



செப்டம்பர் 1-ஆம் நாள் தொடங்கி அக்டோபர் 4, அசிசியாரின் திருவிழா வரை திருச்சபை 'படைப்பின் காலம்' என்று சிறப்பிக்கிறது. சென்ற ஆண்டு அந்த நாள்களில் ஞாயிறுதோறும் இயற்கையைப் பேணுவது பற்றியே மறையுரை வைத்தேன். மூன்றாவது ஞாயிறு திருப்பலி முடிந்ததும், பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பங்கின் இளம்பெண் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். "நல்லாப் பேசினீங்க ஃபாதர். ஆனா கோவில் கழிவறைக்குப் பின்னால என்ன வெச்சிருக்காங்கன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தேன். பழைய குளிர்பான பாட்டில் ஒன்றில் மஞ்சள் நிற ஆசிட் இருந்தது. தெருவில் வண்டியில் கொண்டுவருபவரிடம் வாங்கியது. பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை. பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர். இவை இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும், மூச்சையே அடைக்கும். மூன்று வாரம் பீடத்தில் நின்று முழங்கிய எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்தப் பெண் தம் கைப்பேசியில் ஏழெட்டு நிறுவனங்களின் பொருள்களைக் காட்டினார். ஒன்றில் துள்ளும் முயல், ஒன்றில் பச்சை இலை, ஒன்றில் 'வீகன்' என்ற சொல், எல்லாவற்றிலும் 'இயற்கை' என்ற சொல். விலையோ நாம் வாங்குவதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. காணிக்கைப் பணத்தில் இவற்றை வாங்குவதென்றால், உறையில் எழுதியிருப்பது உண்மையா என்று தெரிய வேண்டாமா? நான் தேடிப் படித்ததையும் விசாரித்ததையும் அன்பியக் கூட்டங்களில் பேசினேன். இங்கே எழுதியும் வைக்கிறேன்.

விலங்குகளை வதைக்காதது, விலங்குப் பொருள் கலக்காதது, சுற்றுச்சூழலைக் கெடுக்காதது என்ற மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றில் தேறியது மற்றதில் தோற்கலாம். நம் திருவில்லிபுத்தூர் பால்கோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கும், ஏனென்றால் அது சைவம். ஆனால் பாலில் செய்ததால் அது வீகன் ஆகாது. சில சோப்பு உறைகளிலும் இதே பச்சைப் புள்ளியைப் பார்க்கலாம். அது சேர்மானம் சைவம் என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சோப்பை எந்த விலங்கின் மேலும் சோதித்தார்களா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சோதனை என்றால் என்ன? 1944-இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். முயலின் கண்ணில் ஒரு பொருளை இட்டு, எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு புண்ணாகிறது என்று நாள்கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவது. அழகுசாதனப் பொருள்களுக்கும் சோப்புத்தூள் போன்ற வீட்டுப் பொருள்களுக்கும் உலகெங்கும் இதுதான் பல ஆண்டுகள் அளவுகோலாக இருந்தது. இன்று மாற்று வழிகள் உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசுவிலும் கண் திசுவிலும் சோதிக்கும் முறைகளைப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன.

இந்தியா 2014 மே மாதம் அழகுசாதனப் பொருள்களை விலங்குகளின் மேல் சோதிப்பதைத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில், அப்படிச் சோதித்த அழகுசாதனப் பொருள்களை இறக்குமதி செய்வதையும் தடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த விதி முகப்பூச்சுக்கும் ஷாம்புவுக்கும் எழுதப்பட்டது. பாத்திரம் துலக்கும் திரவமும் தரை துடைக்கும் பினாயிலும் கழிவறை ஆசிட்டும் அதில் வரவில்லை. ஆகவே 'இந்தியாவில்தான் தடை இருக்கிறதே' என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் முயல் படத்தை நம்பலாமா? எந்த முயல் என்று பார்க்க வேண்டும். 'லீப்பிங் பன்னி' என்ற துள்ளும் முயல் முத்திரையின் பின்னால் 1996-இல் விலங்குநல அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. நிறுவனம் ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பின் தானும் தனக்கு மூலப்பொருள் தருபவர்களும் விலங்குச் சோதனை செய்யவில்லை என்று காட்ட வேண்டும். வெளியார் தணிக்கைக்கும் இடம் தர வேண்டும். பீட்டா அமைப்பின் முயல் பெரும்பாலும் நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியை நம்பித் தரப்படுவது. (ஜல்லிக்கட்டு நாள்களில் நம் பக்கம் கெட்ட பெயர் வாங்கிய அதே பீட்டாதான். அந்தக் கோபத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.) மூன்றாவது வகை, நிறுவனம் தானே வரைந்துகொண்ட முயல். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

'எங்கள் பொருளைச் சோதிக்கவில்லை' என்ற வாக்கியத்தையும் நின்று படிக்க வேண்டும். முடிந்த பொருளைச் சோதிக்காமல், அதில் சேரும் வேதிப்பொருளை வேறொருவர் சோதித்திருக்கலாம். தாய் நிறுவனம் யார் என்பதும் ஒரு கேள்வி. வெளிநாட்டில் 'பசுமை' என்று பெயர் வாங்கிய எகோவர், மெத்தட் ஆகிய துப்புரவுப் பொருள் நிறுவனங்களை 2017-இல் எஸ்.சி. ஜான்சன் என்ற பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. சின்ன நிறுவனத்தின் கொள்கையைப் பார்த்து வாங்குகிறவர், பெரிய நிறுவனத்தின் கொள்கையையும் கேட்பது நியாயமே.

விலங்குப் பொருள் கலப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோப்பின் சேர்மானப் பட்டியலில் 'சோடியம் டாலோவேட்' என்றிருந்தால் அது ஆடு மாடுகளின் கொழுப்பு. 'சோடியம் பாமேட்' என்றால் பாமாயில். கொழுப்புச் சோப்பு நமக்குப் பாவமா என்று ஒரு தாய் கேட்டார். இல்லை. மனிதர் விலங்குகளை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்தலாம் என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2417) சொல்கிறது. மனித உயிரைக் காக்க நியாயமான அளவில் நடக்கும் மருத்துவ ஆய்வையும் அது மறுக்கவில்லை. ஆனால் அடுத்த எண்ணிலேயே, தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. தரை பளபளக்க இன்னொரு புது வாசனைத் திரவம், அதற்காக ஒரு முயலின் கண் என்பது தேவையா? என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. நினிவே நகரத்தின் கால்நடைகளையும் எண்ணிப் பார்த்த இறைவனைத்தான் யோனா நூலின் கடைசி வசனத்தில் காண்கிறோம்.

இனி, எனக்குக் கடினமாக இருந்த பகுதி. கொழுப்பை விட்டுப் பாமாயிலுக்குப் போனால் பொருள் வீகன் ஆகிவிடும். ஆனால் அந்தப் பாமாயிலுக்காக இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பெருங்காடுகள் அழிந்தன, ஒராங்குட்டான்கள் வீடிழந்தன. இதற்கென 2004-இல் ஆர்.எஸ்.பி.ஓ. என்ற சான்று அமைப்பு உருவானது. அதையும் குறை சொல்வோர் உண்டு. இன்னொன்று: ஒரு சோப்புத்தூள் தண்ணீரில் கலந்தால் மீன்களுக்குத் தீங்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீர்த்தெள்ளுப் பூச்சிகளையும் மீன்களையும் அந்தக் கரைசலில் விட்டுப் பார்ப்பதே வழக்கம். அதாவது 'தண்ணீருக்குத் தீங்கில்லை' என்ற சான்றுக்காகவே உயிர்களைச் சோதித்திருக்கலாம். மீன் செவுளின் செல்களை மட்டும் வைத்துச் சோதிக்கும் முறைக்கு 2021-இல்தான் பன்னாட்டு அங்கீகாரம் கிடைத்தது.

'இயற்கை' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். பூந்திக்கொட்டை நம் பாட்டிமார் பட்டுச்சேலை அலசியது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் நுரையைத் தரும் சபோனின் மீனுக்கு நஞ்சு. கொட்டையை நசுக்கிக் குட்டையில் போட்டு மீன் மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், கண்மாயில் கொட்டாதீர்கள்.

சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நீர்நிலைக்கு உரமாகிப் பாசியையும் ஆகாயத்தாமரையையும் பெருக்கும்; தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன் சாகும். நாம் இருப்பது மலையடிவாரத்தில். மேலே 1988-இல் சாம்பல்நிற அணிலுக்காகச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அந்தக் காடு திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. மலையில் பெய்யும் மழை அய்யனார் கோவில் ஆறாக இறங்கி, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியே ராஜபாளையத்தின் குழாய்க்கு வருகிறது. நமக்கு அவ்வளவு நல்ல தண்ணீராக வந்து, நம்மிடமிருந்து நுரையாகக் கீழே போகிறது.

அரசின் முத்திரை ஏதாவது உண்டா? உண்டு. 1991-லேயே 'எக்கோமார்க்' என்ற மண்பானை முத்திரையை மத்திய அரசு கொண்டுவந்தது. சோப்பும் சலவைத்தூளும் அதில் அடக்கம். நிறுவனங்கள் அதிகம் முன்வரவில்லை. 2024-இல் புதிய விதிகள் வந்தன. நம் இரண்டு ஊர்க் கடைகளிலும் தேடினேன், ஒரு பானைகூடக் கண்ணில் படவில்லை. அதைவிட நமக்குப் பயன்படக்கூடியது, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள். 'பசுமை', 'இயற்கை', 'விலங்கு வதையற்றது' போன்ற சொற்களைச் சும்மா போடக்கூடாது, சான்று காட்ட வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆகவே உறையிலுள்ள முகவரிக்கு எழுதிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பதில் திருப்தி இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நம் இளையோர் மூன்று நிறுவனங்களுக்கு எழுதினார்கள். எந்தத் தேதியிலிருந்து சோதனை இல்லை, மூலப்பொருள் தருபவர்களும் அதில் அடக்கமா, பாஸ்பேட் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். ஒன்றிடமிருந்து தெளிவான பதில் வந்தது, ஒன்று விளம்பரத் தாளை அனுப்பியது, மூன்றாவதைக் காணோம்.

நிதிக்குழுவில் விலை பற்றி வாக்குவாதம் வந்தது; வர வேண்டியதுதான். கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் மூன்று மடங்கு விலை கொடுக்கச் சொல்ல நான் யார்? முத்திரை போட்ட பாட்டில் வாங்க முடியாதவர் இரண்டாந்தரக் கிறிஸ்தவர் அல்ல. குறைவாகப் பயன்படுத்துவதும், தேவையில்லாத வாசனைத் திரவங்களை விடுவதும் காசு கேட்பதில்லை. கோவிலுக்கு ஆசிட்டை நிறுத்தினோம். உப்புத்தண்ணீர்க் கறைக்கு லெமன் சால்ட், தரைக்குச் சலவைச் சோடா, பித்தளைத் திரிகளுக்குப் பழையபடி புளி. பாத்திரத்துக்கு மட்டும் பதில் எழுதிய நிறுவனத்தின் திரவம்.

இந்த ஏற்பாடுகளை அறிவித்த அன்று, பல ஆண்டுகளாகக் கோவிலைக் கூட்டிக் கழுவும் அம்மா கடைசிவரை நின்றிருந்தார். "முயலுக்கெல்லாம் பார்த்தீங்க சாமி, நல்லதுதான். எனக்கு ஒரு கையுறை வாங்கித் தாங்க" என்று உள்ளங்கையை நீட்டினார். ஆசிட் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, கோடுகள் அழிந்திருந்தன. எந்த முத்திரையும் அந்தக் கையைக் கணக்கில் எடுப்பதில்லை. நானும் எடுத்திருக்கவில்லை.

மறுநாளே இரண்டு சோடி வாங்கினேன். அளவு பெரிதாகிவிட்டது. இந்த வாரம் ராஜபாளையம் போகும்போது மாற்றிவர வேண்டும்.