மக்கள் என்ன நினைக்கிறார்கள்? தேர்தல் ஆய்வுகளின் நீண்ட கணக்கு

'மக்கள் இப்போது இப்படித்தான் நினைக்கிறார்கள்' என்ற வாக்கியம் எமது புகலிட விவாதங்களில் அடிக்கடி வந்துபோகிறது. எந்த மக்கள், எப்போதிருந்து, அதற்கு முன்னர் எவ்வாறு நினைத்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. தேர்தல் முடிவுகளே போதிய ஆதாரம் என்பது பலரது நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை, எண்பது வருடங்களுக்கு மேலாக அரசறிவியலாளர்கள் செய்துவரும் ஒரு வேலையின் ஊடாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு. நூறு வாக்காளர் உள்ள ஓர் ஊரில் ஒரு கட்சி சென்றமுறை 40 வாக்குகள் பெற்றது, இம்முறையும் 40. கட்சியின் ஆதரவு அசையவில்லை என்று பத்திரிகைகள் எழுதும். ஆனால் 15 பேர் அக்கட்சியை விட்டுப் போயிருக்கலாம். புதிதாக 15 பேர் வந்திருக்கலாம். அப்படியாயின் 30 பேர் இடம் மாறியிருக்கிறார்கள். பெட்டியில் விழுந்த வாக்குகளை எத்தனை தடவை எண்ணினாலும் இது தெரியவராது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆட்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பும் இதைக் காட்டாது. ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கவேண்டும். இதையே 'பனல்' முறை என்கிறார்கள்.

இம்முறையைத் தேர்தல் ஆய்வில் முதலில் பெரிய அளவில் கையாண்டவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போல் லசார்ஸ்ஃபெல்டும் அவரது சகாக்களும். 1940இல் ரூஸ்வெல்ற்றும் வில்கியும் போட்டியிட்ட சனாதிபதித் தேர்தலின்போது, ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே மாதம் முதல் நவம்பர் வரை மாதாமாதம் பேட்டி கண்டனர். வானொலியும் பத்திரிகையும் மனிதர்களை இலகுவில் மாற்றிவிடும் என்பதே அக்காலத்து அச்சம். கிடைத்த முடிவு வேறு. ஒரு கட்சியிலிருந்து மறுகட்சிக்கு முற்றாக மாறியவர்கள் பத்திலொரு பங்கிற்கும் குறைவு. பிரசாரம் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சார்பை உறுதிப்படுத்தவே உதவியது.

'சென்றமுறை யாருக்கு வாக்களித்தீர்கள்?' என்று இன்று கேட்டுவிட்டால் போதாதா? போதாது. 1960இல் ஜோன் கென்னடி பெற்றது அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதியளவே. 1963இல் அவர் கொல்லப்பட்ட பின்னர் எடுக்கப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தாம் அவருக்கே வாக்களித்ததாகக் கூறினர். இவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று கருதத் தேவையில்லை. நினைவு நிகழ்காலத்தின் பக்கம் சாயும். ஆகவே அன்று சொன்னதை அன்றே பதிந்துவைத்தல் அவசியமாகிறது.

1948இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வுத் தொடர் இன்றுவரை நீள்கிறது. சுவீடனில் 1956இலும், நோர்வேயில் ஸ்ரைன் ரொக்கான், ஹென்றி வாலன் ஆகியோரின் முயற்சியால் 1957இலும், பிரித்தானியாவில் 1960களின் முற்பகுதியிலும் இத்தகைய ஆய்வுகள் ஆரம்பித்தன. ஸ்கண்டிநேவிய ஆய்வுகளில், ஒரு தேர்தலின்போது பேட்டி கண்டோரில் ஒரு பகுதியினரை அடுத்த தேர்தலிலும் காணும் வழக்கம் உண்டு.

இத்தரவுகள் சங்கடமான கேள்விகளையும் எழுப்பின. 1956, 1958, 1960 ஆகிய ஆண்டுகளில் ஒரே அமெரிக்கர்கள் அளித்த பதில்களை ஒப்பிட்ட பிலிப் கொன்வேர்ஸ், பலரது பதில்கள் ஒழுங்கற்றுத் தாவுவதைக் கண்டார். பலரிடம் உண்மையில் கருத்தே இல்லை, கேட்டதற்காக ஏதோ சொல்கிறார்கள் என்று 1964இல் எழுதினார். 1975இல் கிறிஸ்ரோபர் எகென் இதை மறுத்தார். கருத்து உறுதியாகவே இருக்கிறது, கேள்விதான் தெளிவற்ற அளவுகோல் என்பது அவரது வாதம். தவறு மக்களிலா, கேட்பவரிலா என்ற இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

கேள்வியின் சொற்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னோர் உதாரணம். 1964இன் பின் அமெரிக்க வாக்காளர்களின் கருத்துகளில் ஒத்திசைவு கூடிவிட்டது என நை, வேர்பா, பெற்றோசிக் ஆகியோர் 1976இல் வாதிட்டனர். ஆனால் அதே 1964இல் ஆய்வின் கேள்விகளும் மாற்றியமைக்கப்பட்டிருந்தன. பழைய வடிவிலும் புதிய வடிவிலும் கேட்டுப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், மாற்றத்தின் பெரும்பகுதி கேள்வியிலிருந்தே வந்தது என 1978இல் காட்டினர். மாற்றத்தை அளக்கவேண்டுமாயின் அளவுகோலை மாற்றக்கூடாது என்பதே பாடம்.

இவற்றில் நாம் எங்கே நிற்கிறோம்? சுவீடன் 1976இலிருந்தும் நோர்வே 1983இலிருந்தும், குறித்த காலம் வசித்த வெளிநாட்டுப் பிரசைகளுக்கு உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்குரிமை வழங்கின. எம்மவர் பலரின் முதல் ஐரோப்பிய வாக்கு இவ்வழியே கிடைத்தது. ஆயினும் சில ஆயிரம் பேரை எழுமாற்றாகத் தெரிவுசெய்யும் தேசிய ஆய்வொன்றில் தமிழர் ஒரு கைவிரல்களில் எண்ணத்தக்கவராகவே அகப்படுவர். அவ்வெண்ணிக்கையை வைத்து எம்மைப் பற்றி எதுவும் சொல்லமுடியாது. 'வெளிநாட்டவர் இடதுசாரிகளுக்கே வாக்களிப்பர்' என்ற பொது வாக்கியத்துக்குள் எமது வேறுபாடுகள் கரைந்துபோகின்றன.

எமது அமைப்புகளும் இதே கரைப்பைத்தான் செய்கின்றன. கூட்டத்துக்கு வந்தோரை எண்ணி 'மக்கள்' என்கிறோம், வராதோரை எண்ணுவதில்லை. கேட்பவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்த சிறு சமூகத்தில், பயமோ முகதாட்சண்யமோ பதிலைத் தீர்மானிக்கும். எனவே பெயர் இல்லாத, இரகசியம் காக்கப்பட்ட ஓர் ஆய்வு வேண்டும். ஒரே ஐந்து கேள்விகள், ஒரே சொற்களில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இயன்றவரை அதே ஆட்களிடம். வரும் பதில் எமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அப்படியே அச்சிடவேண்டும். அதற்குத் தயாரில்லாதவர்கள் 'மக்கள் நினைக்கிறார்கள்' என்று எழுதாமல் 'நான் நினைக்கிறேன்' என்று எழுதுவதே நேர்மை.